கூரைக்கு அடித்த வெள்ளிப் பெயிண்ட்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் கைத்தொலைபேசியை நோண்ட ஆரம்பித்துவிடுவார். "கரண்ட் கம்பெனியா?" என்பார்கள். இல்லை. "சாட்டிலைட் டிவியா?" என்பார்கள். அதுவும் இல்லை. "அப்ப என்னதான் பண்றீங்க?" என்று ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், நான் ஏதோ சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற மாதிரி.

இப்போது சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் ஒரு பெரிய தொழிற்பேட்டை. அதற்குள் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் சப்ஸ்டேஷன்கள் ஆங்காங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றின் கூரையிலும் வெள்ளை பிளாஸ்டிக்கில் காளான் வடிவத்தில் ஒரு சின்னக் கருவி நிற்கும். நாங்கள் அதைக் காளான் என்றே சொல்வோம். அது வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிடமிருந்து சரியான நேரத்தை வாங்கி, இம்மியும் பிசகாமல் கீழே இருக்கும் பெட்டிகளுக்குச் சொல்லும். கேபிளில் கோளாறு வந்தால் அந்தப் பெட்டிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். துண்டித்த நேரத்தையும் பதிந்து வைக்கும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரம் இருந்தால்தான் எது முதலில் நடந்தது, எது அடுத்து நடந்தது என்று பிற்பாடு சொல்ல முடியும். இல்லையென்றால் குடும்பச் சண்டையில் யார் முதலில் கை ஓங்கினார்கள் என்று விசாரிக்கிற கதைதான். அந்தக் காளான்களையும் பெட்டிகளையும் பராமரிக்கிற ஒரு தனியார் நிறுவனத்தில் நான் வெகுநாளாக எஞ்சினியர்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால் ஒரு தம்பிக்காக. கூடப் பிறந்தவன் இல்லை. எங்கள் மாதா கோயில் பங்கில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு வரும் வெளிநாட்டு ஊழியர்களில் ஒருவன். தமிழ்நாட்டிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவன், கிராஞ்சியில் ஊழியர் தங்குவிடுதியில் இருந்தான். பூசை பாதி நடக்கும்போதுதான் வந்து சேருவான். பின்னால் மின்விசிறிக்கு நேர்கீழே நின்றுகொண்டு முடியைக் கோதிக்கொள்வான். அந்த முடிமீது அவனுக்கு அப்படி ஒரு கர்வம்.

"ஏன்டா, ஆண்டவர் உனக்காகப் பிரசங்கத்தைத் திரும்பச் சொல்லணுமா?" என்று முதல் தடவை நான்தான் வம்புக்கு இழுத்தேன்.

"கிராஞ்சியில பஸ்ஸு வர்றதும் ஆண்டவரோட ரெண்டாம் வருகையும் ஒண்ணுதான்க்கா. எப்பன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயில் என்றுகூடப் பார்க்காமல் சத்தமாகச் சிரித்தேன். அன்றிலிருந்து நான் அவனுக்கு அக்கா, அவன் எனக்குத் தம்பி. பூசை முடிந்து நாற்காலி அடுக்கும்போது ஏதாவது வம்பளந்துகொண்டிருப்பான். பாடகர் குழுவில் சேர்ந்தான். சுருதிக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். குழுவில் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்தபோதும், "ஆண்டவருக்குக் கேக்கணும்ல, அதான் சத்தமா பாடுறேன்" என்று அசராமல் நின்றான்.

வந்த புதிதில் அவனுக்கு இன்ன வேலை என்று கிடையாது. புல் வெட்டச் சொன்னால் வெட்டுவான், கேபிள் சுமக்கச் சொன்னால் சுமப்பான், பெயிண்ட் அடி என்றால் அடிப்பான். காலையில் லாரியில் ஏற்றி எங்கே இறக்கிவிடுகிறார்களோ அங்கே அன்றைக்கு வேலை. அவனுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. எக்ஸ்கவேட்டர் ஓட்டவேண்டும். மண் தோண்டுகிற அந்த மெஷினுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டால் வெயிலில் வேகவேண்டாம், கையில் ஒரு தொழில் இருக்கும், எந்தக் கம்பெனியும் கூப்பிட்டு வேலை கொடுக்கும் என்பான். இரண்டு தடவை தேர்வில் கோட்டைவிட்டான். மூன்றாவது தடவை தேறிய அன்று எனக்குப் போன் போட்டுக் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருவில் லட்டு வாங்கிவந்து ஃபாதரிலிருந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கிழவர்வரை எல்லோருக்கும் கொடுத்தான்.

"இனிமே நான் ஆபரேட்டர்க்கா. மரியாதையா வாங்க போங்கன்னு கூப்பிடணும்."

"போடா டேய்" என்றேன்.

அந்த ஆபரேட்டர் வேலைக்கு அவனுடைய கம்பெனி அவனை அனுப்பியது எங்கள் தொழிற்பேட்டைக்கே. சாலையோரம் வடிகால் தோண்டும் வேலை. சில நாள் மதியம் பேட்டையின் உணவங்காடியில் அவனைப் பார்ப்பேன். தலைக்கவசத்தைக் கழற்றியதும் முதல் வேலையாகத் தலையைக் கோதுவான். நான் பால் சேர்க்காத தே ஓ வாங்கிக் கொடுத்தால் குடிப்பான், தன் கணக்கில் எனக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கி வைப்பான்.

ஒரு வேலைநாளில், மதியச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில், பேட்டையின் ஒரு பகுதி இருண்டு போனது. எங்கள் அலுவலகத்தில் போன்கள் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தன. இரண்டு சப்ஸ்டேஷனுக்கு நடுவே போகும் பெரிய கேபிள் வெடித்துவிட்டது, எக்ஸ்கவேட்டர் குத்திவிட்டது என்று செய்தி வந்தது. வடிகால் தோண்டுகிற மெஷின் அந்தப் பக்கம் ஒன்றே ஒன்றுதான்.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சாயங்காலம் அவனே போன் செய்தான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"நான் இடிக்கலக்கா. மாதா சத்தியமா நான் இடிக்கல."

"பதறாதே. என்ன நடந்துச்சு, அத மட்டும் சொல்லு."

"கேபிள் தெரிஞ்சிருச்சுக்கா. அதனால மண்ணள்ளுற பக்கெட்ட மேல தூக்கி நிறுத்திட்டேன். கையால தோண்ட ஆளு வரட்டும்னு வெயிட் பண்றேன். அப்பதான் கீழ டமார்னு வெடிச்சிச்சு. ஒரே நெருப்பு. நான் பயந்து துள்ளிட்டேன். கை லீவர்ல பட்டு பக்கெட் தொம்முன்னு கேபிள் மேலயே விழுந்துருச்சு. வெடிச்சப்புறம்தான்க்கா விழுந்துச்சு. சத்தம்தான் முதல்ல. யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

எனக்கு உடனே நம்பிக்கை வந்தது. அவனை எனக்குத் தெரியும் என்பதால் மட்டும் இல்லை. அந்த இடத்தில் கேபிளின் இரண்டு துண்டை இணைத்த ஒரு பழைய ஒட்டு இருந்தது எனக்குத் தெரியும். பழைய ஒட்டுகள் தானாகவே வெடிக்கும், அதற்கு எக்ஸ்கவேட்டர் தேவையில்லை. ஆனால் விசாரிக்க வந்தவர்கள் பார்த்தது என்ன? கருகிய கேபிள், அதன்மேல் பக்கெட்டின் பல் பதிந்த காயம். பக்கத்தில் மேற்பார்வையாளரும் இல்லை, கையால் தோண்ட ஆள் கூப்பிடப் போயிருந்தார். இவன் மட்டும் மெஷினுக்குள் உட்கார்ந்திருக்கிறான்.

கேபிளை உடைத்தான் என்று முடிவானால் அவ்வளவுதான். வேலை பெர்மிட் ரத்து, ஊருக்கு டிக்கெட். பெயரில் அப்படி ஒரு கறை விழுந்தபிறகு எவனும் அவனை மெஷின் பக்கம் விடமாட்டான், இங்கே திரும்பிவர இன்னொரு கம்பெனியும் கூப்பிடாது. அத்தனை வருஷப் பாடும் அந்த ஒரு சத்தத்தோடு போய்விடும்.

"தம்பி, நீ தூங்கு. எல்லாத்துக்கும் என்கிட்ட சாட்சி இருக்கு. அந்த சப்ஸ்டேஷன் பெட்டி, கேபிள் எப்ப வெடிச்சிச்சுன்னு விநாடி சுத்தமா எழுதி வச்சிருக்கும். சாட்டிலைட் டைம்டா. பொய் சொல்லாது" என்றேன்.

"நிஜமாவாக்கா?"

"என் வேலையே அதுதான்டா."

அவன் அழுதுவிட்டான். நானும்தான்.

இதற்கு முன் என் வேலையை நினைத்து நான் பெருமைப்பட்டது கிடையாது. மறுநாள் காலை சுவா சூ காங் நிலையத்தில் ரயில் ஏறும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினேன். அவன் வேலை செய்த இடத்து வாயிலில் சூரிய ஒளியில் ஓடும் ஒரு கேமரா உண்டு. பள்ளம் அதில் தெரியாது, தடுப்புப் பலகைக்கு மேலே மெஷினின் கை மட்டும் தெரியும். அந்தக் கை எந்த விநாடியில் கீழே விழுந்தது என்பது அதில் சுத்தமாக இருக்கிறது. கேமராவின் நேரம் தொலைபேசிக் கட்டமைப்பிலிருந்து வருவது, அதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இனி பெட்டியில் இருக்கும் நேரம் மட்டும் வேண்டும். வெடித்தது முந்தி, கை விழுந்தது பிந்தி என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

பதிவைத் திறந்தேன். மின்சாரம் துண்டித்த நேரம், மெஷினின் கை விழுந்ததற்குச் சில விநாடி பின்னால் இருந்தது.

பக்கெட் முதலில். வெடிப்பு பிறகு. அப்படித்தான் திரையில் இருந்தது.

பாவி, என்னிடமே பொய் சொன்னானா என்று ஒரு கணம் நினைத்ததை மறைக்க மாட்டேன். பிறகுதான் அந்த நேரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தைக் கவனித்தேன். செயற்கைக்கோளோடு தொடர்பில்லை. அதாவது அந்தப் பெட்டிக்குக் காளானிடமிருந்து நேரம் வரவில்லை. பெட்டி தன் சொந்தக் கடிகாரத்தில், மனம்போன போக்கில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாளாக இல்லை, பல மாதமாக. முந்தி ஓடியதா, பிந்தி ஓடியதா, எவ்வளவு பிசகியது, யாருக்குத் தெரியும்? பேட்டையின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை வந்திருக்கிறது. சிவப்பு இல்லை, மஞ்சள். பெருமழை பெய்தால் இப்படி அடிக்கடி வரும் என்று யாரோ ஒரு தட்டுத் தட்டி மறைத்துவிட்டிருக்கிறார்கள். அதன்பிறகு அதை யாரும் சீந்தவில்லை.

அதற்கும் ஒரு வழி உண்டு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பெட்டியின் கடிகாரத்தை இப்போது உண்மையான நேரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு தப்பாக ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அதைக் கழித்தால் சரியான நேரம் கிடைக்கும். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். படியிலேயே எங்கள் டெக்னீஷியன் எதிரே வந்தார். நல்ல மனுஷர், வேலையில் படு சுறுசுறுப்பு. அன்றைக்கு அந்தச் சுறுசுறுப்புதான் எமனாக வந்தது.

"அந்த ஸ்டேஷனா? நீங்க போகவேணாம். காலையிலேயே போயி காளான மாத்திட்டேன். இப்ப டைம் கரெக்டா ஓடுது" என்றார்.

"மாத்தறதுக்கு முன்னாடி எவ்வளவு தப்பா இருந்துச்சு? பாத்தீங்களா?"

"அதப் பாத்து என்ன பண்ண? அதான் சரி பண்ணிட்டேனே."

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். புதுக் காளானைப் பொருத்திய நொடியில் பெட்டி சரியான நேரத்துக்குத் தாவியிருக்கும். பழைய பிசகு காற்றோடு போய்விட்டது. இனி அதைக் கடவுளே இறங்கிவந்தாலும் கணக்கிட முடியாது.

பழைய காளானைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. வெள்ளையாக இருக்கவேண்டியது வெள்ளிக்கிண்ணம் மாதிரி மின்னியது. கூரையில் வெயில் தங்காமல் இருக்க அடிப்பார்களே, அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பெயிண்ட், அதை எவனோ காளானுக்கும் சேர்த்து அடித்திருக்கிறான். அடித்தது அரைகுறையாகவும் இல்லை. மேலே, விளிம்பில், அடியில், கம்பத்தில் என்று ஒரு பொட்டு இடம் விடாமல், இரண்டு பூச்சு. அலுமினியம் பூசினால் செயற்கைக்கோளின் சமிக்ஞை உள்ளே எப்படி வரும்? கதவை இழுத்துச் சாத்திவிட்டு உள்ளே இருப்பவனுக்குக் காது கேட்கவில்லை என்றால் எப்படி?

"எந்த மடையன் வேலை இது?" என்று கத்தினேன்.

பேட்டையைப் பார்வையிட யாரோ பெரியவர்கள் வருகிறார்கள் என்று போன வருஷம் எல்லாக் கட்டடத்தையும் பளிச்சென்று ஆக்கச் சொன்னார்களாம். அப்போது நடந்திருக்கும் என்றார் டெக்னீஷியன். நல்லவேளை மற்ற கூரைகளில் வேறு ஆட்கள், இந்த ஒன்றில்தான் இப்படி என்றார். எனக்கு வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் கை விளங்காமல் போக என்றுகூடச் சொன்னேன். டெக்னீஷியன் காதைப் பொத்திக்கொண்டார்.

அடுத்து வந்த நாள்களில் நான் பைத்தியம் மாதிரி அலைந்தேன். அந்தக் கேபிளின் மறுமுனையில் இருந்தது பழைய நிலையம், அங்கே காளானே கிடையாது. பக்கத்து சப்ஸ்டேஷனில் காளான் நன்றாக வேலை செய்தது, ஆனால் வெடிப்பின் அதிர்ச்சி அங்கே பதிவாகும் அளவுக்கு எட்டவில்லை. தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கி, உங்கள் குளிர்பதனப் பெட்டி எப்போது நின்றது, உங்கள் மின்தூக்கி எப்போது நின்றது என்று கேட்டேன். பாவம், எல்லோரும் தேடிப் பார்த்துச் சொன்னார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. அவர்களுக்கு நிமிஷம் போதும். எனக்கோ விநாடி வேண்டும்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. பேட்டைக்கு வெளியே, ஊருக்கே மின்சாரம் கொண்டுவரும் பெரிய கட்டமைப்பில் இதைவிடக் கூர்மையான பதிவுகள் இருக்கும். அன்றைய வெடிப்பு அதில் சின்னச் சுழிப்பாகவாவது விழுந்திருக்கும். முறைப்படி எங்கள் நிறுவனம் கேட்டால் கொடுக்கலாம். எங்கள் மேலாளரிடம் போனேன். அவரும் தமிழர்தான், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், டெக்னீஷியனாகச் சேர்ந்து மேலே வந்தவர். நான் சொல்வதை முழுக்கக் கேட்டார்.

"இங்க பாரும்மா. நாம கேட்டா, ஏன் கேக்கறீங்கன்னு அவங்க கேப்பாங்க. உங்க டைம் என்ன ஆச்சும்பாங்க. காளான் இத்தன மாசமா செத்துக் கிடந்தது வெளிய வரும். மெயின்டெனன்ஸ் யாரு? நாம. அடுத்த கான்ட்ராக்ட மறந்துட வேண்டியதுதான் லா."

"அதுக்காக அந்தப் பையன் தலையில கட்டிடலாமா?"

"நான் கட்டல. அவங்க என்கொயரி பண்றாங்க, அவங்க முடிவு பண்ணட்டும். இங்கயும் பல பேரு குடும்பம் இருக்கும்மா."

"அவனுக்குக் குடும்பம் இல்லையா பாஸ்?"

"இருக்கும். எனக்குத் தெரியாதா? என்னைய என்ன பண்ணச் சொல்ற?" என்றார். குரல் உடைந்துதான் இருந்தது. ஆனால் கடைசிவரை அந்தப் பதிவுகளை அவர் கேட்டு எழுதவில்லை. நானே தனியாக எழுதிக் கேட்டேன். தனிநபருக்குக் கொடுக்க இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

விசாரணைக் கூட்டத்துக்கு அடம்பிடித்துப் போய் உட்கார்ந்தேன். ஒட்டு பழையது, தானாக வெடித்திருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்றார்கள். உங்கள் பதிவில் பக்கெட்தானே முதலில் இருக்கிறது என்று கேட்டார்கள். அந்த நேரத்தை நம்பக்கூடாது, செயற்கைக்கோள் தொடர்பு இல்லை, காளான்மீது பெயிண்ட் இருந்தது என்றேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேலாளரின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.

"எத்தனை விநாடி பிசகு?"

"தெரியாது."

"முன்னேயா, பின்னேயா?"

"தெரியாது."

"அப்படியானால் நாங்கள் எதை வைத்து முடிவு செய்வது?"

தலைக்கு மேலே அத்தனை செயற்கைக்கோள்கள் நாள் முழுக்க நேரம் சொல்லிக்கொண்டே போகின்றன. அதை வாங்கி அவர்கள் மேசையில் வைக்க என்னால் முடியவில்லை. அந்த அறையின் குளிரில் எனக்குப் பல் கிட்டியது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கண்ணால் பார்க்க முடிந்ததை வைத்து, ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள்.

அவனிடம் நான்தான் சொன்னேன். வேறு யாரோ சொல்லி அவன் கேட்பதை என்னால் நினைக்கக்கூட முடியவில்லை. பூசை முடிந்து கோயில் வளாகத்தின் வாகை மரத்தடியில் நின்றோம். நாற்காலிகளை வேறு யாரோ அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சாட்டிலைட் டைம் வரலடா தம்பி. அந்த ஸ்டேஷன்ல மட்டும் வரல."

"ஏன்க்கா வரல?"

"எவனோ ஒரு மடையன் பண்ண காரியம். மேல இருந்த கருவிய எப்பவோ கெடுத்து வச்சிட்டான்." அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

அவன் காலடியில் கிடந்த வாகைக் காயை உருட்டினான். பிறகு, "அவன் நல்லா இருப்பானாக்கா?" என்றான். அப்படி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. போறதுக்குள்ள நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டுட்டுப் போறேன்."

"தெரிஞ்சா நானே விடமாட்டேன்" என்றேன்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போனோம். சாமான் வாங்க வேண்டும் என்றான். சிராங்கூன் ரோட்டில் வழக்கம்போல நடக்க இடமில்லை. அவன் யாரையும் இடிக்காமல் சுவரை ஒட்டியே நடந்தான். எப்போதும் கூட்டத்தின் நடுவில் கையை வீசிக்கொண்டு போகிறவன். ஊரில் இருக்கும் தன் பிள்ளைக்கு ஒரு பொம்மை பார்த்தான். எக்ஸ்கவேட்டர் பொம்மை ஒன்று மஞ்சள் நிறத்தில் கண்ணெதிரே இருந்தது. அதை எடுக்கவில்லை, பந்து வாங்கினான். பிறகு தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்றா சொன்னேன், பிய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பேச்சை மாற்றத்தான் போனை எடுத்தான் என்று நினைக்கிறேன். அவன் இங்கே செய்த ஒவ்வொரு வேலையையும், முடிந்தபிறகு பக்கத்தில் நின்று படம் எடுத்து வைத்திருந்தான். எல்லா ஊழியர்களும் செய்வதுதான். ஊரில் இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டுமே. இது நான் சுமந்த கேபிள், இது நான் போட்ட நடைபாதை, இது நான் வெட்டிய புல் என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினான். கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய குரல் திரும்பி வந்தது. நானும் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"இத பாருங்கக்கா. உங்க பேட்டையேதான். போன வருஷம் பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு கூரைக்கெல்லாம் பெயிண்ட் அடிக்க விட்டாங்க."

வெள்ளியாக மின்னும் கூரை. அதன்மேல் இவன் பெருவிரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறான். தலைமுடி காற்றில் பறக்கிறது. இன்னொரு கையை ஒரு சின்னக் கம்பத்தின்மேல் தோழன் தோளில் போடுகிற மாதிரி போட்டிருக்கிறான். கம்பத்தின் உச்சியில் ஒரு வெள்ளிக்காளான்.

"மத்தவனுங்கல்லாம் தரைய மட்டும் அடிச்சிட்டு இறங்கிட்டானுங்க. நான் ஒரு இடம் விடலக்கா. இந்தக் குட்டிக் குடையக்கூட விடல, ரெண்டு கோட்டு. சூப்பர்வைசரு மேல ஏறிவந்து பாத்துட்டு, குட் குட்னு தோள்ல தட்டுனாரு. சிங்கப்பூர் வந்து மொதமொதல்ல என்னைய ஒருத்தரு பாராட்டுனது அன்னிக்குத்தான். அதுக்கப்புறம்தான் எக்ஸ்கவேட்டர் டெஸ்ட்டுக்கு இவன் பேர எழுதுங்கன்னு சொன்னாரு."

எனக்குக் காது அடைத்துப்போனது. அங்காடியின் இரைச்சல் எங்கோ தூரத்தில் கேட்டது. மாதாவே, மாதாவே என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, வேறு ஒன்றும் வரவில்லை. கை விளங்காமல் போக என்று நான் சொன்ன கை, என் எதிரே எண்ணெய் படாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்காக்கா?"

"நல்லா இருக்குடா தம்பி. ரொம்ப நல்லா அடிச்சிருக்க" என்றேன்.

அவன் சிரித்தான். அந்த வெடிப்புக்குப் பிறகு முதல் தடவையாக முழுசாகச் சிரித்தான். "இதத்தான் பெருசா பிரிண்ட் போட்டு வீட்ல மாட்டப்போறேன். எக்ஸ்கவேட்டர் படமெல்லாம் வேணாம்" என்றான். பேருந்து ஏறும்போது திரும்பி, "அந்தப் பக்கம் போனா ஒரு எட்டு ஏறிப் பாருங்க. இன்னும் மின்னுதான்னு சொல்லுங்க" என்றான்.

அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபிறகு இரண்டு தடவை போனில் அதையே கேட்டான். ஊரில் என்ன வேலை பார்க்கிறாய் என்று நான் கேட்டதற்கு, "இருக்கேன்க்கா" என்பதோடு நிறுத்திக்கொண்டான். வேறு வழியில்லாமல் ஒரு நாள் அந்தக் கூரைக்கு ஏறினேன். நல்ல வெயில். இன்னும் மின்னத்தான் செய்கிறது, கண் கூசுகிற மாதிரி. நடுவில் புதுக் காளான் வெள்ளை வெளேரென்று நின்றது. அது படத்தில் விழுந்தால், என் குடை எங்கே என்று கேட்பான். அதனால் மூலைக்குத் தள்ளிப்போய், கூரை மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்பிவைத்தேன்.